ரெண்டு லாரி போதுமுங்க

இஞ்ச் டேப்பின் ஒரு முனையைப் பவித்ரா இரண்டு கைகளாலும் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தாள். மறுமுனை என் கையில். என் இடுப்பில் எட்டு மாதச் சின்னவன். வைகாசி மாதத்துப் பத்து மணி வெயில். தெருவில் பரப்பியிருந்த ஜல்லி, செருப்பையும் தாண்டிக் குத்தியது.

“அம்மா சொல்ற வரைக்கும் விடக் கூடாது கண்ணு.”

“காக்கா வந்தா?”

“வந்தாலும் விடக் கூடாது.”

காக்கா வந்தது. அவள் விட்டுவிட்டாள். டேப் ஜல்லிமேல் நெளிந்து கிடந்தது. நான் வைத்திருந்த எண்ணிக்கை நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா என்பது அந்தக் காக்காயோடு பறந்துபோயிற்று. மறுபடியும் மெயின் ரோட்டிலிருந்து ஆரம்பித்தோம்.

அது தையல்காரர் டேப். அறுபது அங்குலம், அதாவது ஐந்து அடி. அதைக் கொண்டு ஒரு தெருவையே அளந்தவள் கோயமுத்தூர் ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தத் தொடரில் வீடு கட்டிய கதையை எழுதி முடித்தபோது, தெரு வந்த கதையை ஏன் விட்டுவிட்டாய் என்று என் கணவர் கேட்டார். அதை எழுதினால் மானம் போகும் என்றேன். “அது அப்பவே போயிருச்சே” என்றார். ஆகவே எழுதுகிறேன். எழுதலாமா என்று இப்போதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

கணக்குப் படித்தவள்

போத்தனூரைத் தாண்டி, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், சோளக்காட்டை மனை பிரித்து விற்ற இடம் எங்கள் நகர். நுழைவாயில் பலகையில் சிறுவர் பூங்கா, அகலமான தார்ச்சாலை எல்லாம் படமாக வரைந்திருந்தது. பலகையைத் தாண்டினால் பதினோரு வீடுகளும் ஒரே ஒரு மண் தெருவும். தெருவின் ஒரு முனை மெயின் ரோடு, மறுமுனை மிச்சமிருந்த சோளக்காடு. காட்டுக்கு முந்தைய கடைசி வீடு எங்களுடையது.

எங்களுக்கு முந்தைய வீடு காதர் பாயுடையது. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு காலி மனைகள். ஆகவே தெருவின் கடைசி நூற்றிருபது அடி எங்களுக்கு மட்டுமே பயன்படுவது. நகரிலேயே பள்ளமானதும் அதுதான். கரிசல் மண். மழை பெய்தால் மேலே உள்ள பத்து வீட்டுத் தண்ணீரும் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

சின்னவன் பிறந்த அன்று ஆட்டோக்காரர் காதர் பாய் வீட்டோடு வண்டியை நிறுத்திவிட்டார். வலியோடு அந்த நூற்றிருபது அடியை நடந்தேன். பாதி வழியில் இடதுகால் செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. என் கணவர் குனிந்து தேட ஆரம்பித்தார். விடுங்கள் என்றேன். புதுச் செருப்பு என்றார். அந்தச் செருப்பு இன்றைக்கும் அங்கேதான், தாருக்கு அடியில் இருக்கிறது.

அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்ததும் போக, பவித்ராவை எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். பள்ளிக்கூட வேன் டிரைவர் முன்கூட்டியே வந்து தெருவைப் பார்த்தார். இறங்கக்கூட இல்லை.

“தாரு எங்க முடியுதுங்களோ அங்கதானுங்க வண்டி நிக்கும். ஜல்லி மேல ஏறுனா டயரு போயிருமுங்க.”

அதாவது தினமும் காலையில் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, குடை, பை. கையில் இருப்பவளோ தண்ணீரைக் கண்ட இடத்தில் உட்காருபவள். இதை மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்தேன். எல்லா ஒத்திகையிலும் எங்களில் ஒருவராவது விழுந்தோம்.

எங்கள் நகர்ச் சங்கத்துக்குத் தலைவர் காதர் பாய்க்கு எதிர்வீட்டு ரங்கசாமி அண்ணன். மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இருப்பதை மட்டுமே நம்புவார். எல்லோரும் சேர்ந்து தெருவுக்கு ஜல்லி போட்டு ரோலரும் ஓட்டியாயிற்று. மேலே தார்தான் பாக்கி. மெயின் ரோட்டில் வேலை செய்துகொண்டிருந்த காண்ட்ராக்டர், மிக்சிங் பிளாண்டைக் கழற்றிக்கொண்டு போவதற்கு முன் ஒரே ஒரு நாள் எங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். எத்தனை டன் கலவை வேண்டும் என்று மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தார்க் கலவை சூடாக வந்து சூடாகவே போட வேண்டிய சமாச்சாரம். குறைந்தால் கடைக்கு ஆள் விட முடியாது. மிஞ்சினால் மூடி வைக்கவும் முடியாது. அளவை காண்ட்ராக்டரிடமே கேட்கலாம் என்றார்கள் சிலர். சரக்குக் கொடுப்பவரே அளவும் சொல்லக் கூடாது என்பது தலைவரின் கட்சி. அப்போது யாரோ என் பி.எஸ்ஸி. பட்டத்தை ஞாபகப்படுத்திவிட்டார்கள்.

“அம்மணி கணக்குத்தானுங்களே படிச்சது?”

“ஆமாங்க. ஆனா தாருக் கணக்கு இல்லீங்க.”

“கணக்குன்னு வந்துட்டா தாரென்னங்க, பருப்பென்னங்க” என்றார் தலைவர்.

கல்லூரிக் கடைசிப் பரீட்சையில், சரியாகப் போட்ட விடையை அழித்துவிட்டுத் தப்பாக ஒன்றை எழுதிவிட்டு வந்தவள் நான் என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று இன்னும் மரியாதை கூடியிருக்கும்.

மடிப்புத் துணி

டேப் காதர் பாயுடையது. உக்கடம் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் அந்த டேப்பைக் கழற்றிக் கொடுக்கும்போது ஒரு யோசனையும் சேர்த்துக் கொடுத்தார்.

“எதுக்கும் மடிப்புக்குக் கொஞ்சம் விட்டுக்கங்க தங்கச்சி. அளவுக்குச் சரியாத் தெச்ச பாவாடை அடுத்த நோன்புக்குப் பத்தாது.”

இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். கல்யாணமாகி முதல் பொங்கலுக்குச் சென்னிமலையில் மாமியார் வீட்டில் பதினான்கு பேருக்குச் சோறாக்கச் சொன்னார்கள். நான் தம்ளர் கணக்கு வைத்துப் பதினான்கு பேருக்கு ஆக்கினேன். உறவும் விருந்துமாக இருபது பேர் வந்தார்கள். “ஒறம்பரை அளந்துட்டா வருது?” என்று மாமியார் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதை இன்றைக்கும் ஒவ்வொரு உலை வைக்கும்போதும் கேட்கிறேன்.

தெருவை மூன்று முறை அளந்தேன். எண்பத்துநான்கு டேப், எண்பத்துமூன்று டேப், எண்பத்துநாலரை டேப். எண்பத்துநான்கை வைத்துக்கொண்டேன். நானூற்றிருபது அடி நீளம். அகலம் பன்னிரண்டு அடி.

கனத்தைக் கேட்க மெயின் ரோட்டுக்குப் போனேன். அங்கே வேலை வாங்கிக்கொண்டிருந்தவர் மாரப்பன் மேஸ்திரி. நோட்டும் பென்சிலுமாகப் போனதால் என்னைப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நினைத்துவிட்டார். கடைசிவரை அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

“ஒரு இஞ்ச்சுங்க டீச்சரம்மா.”

“ரோலர் போறதுக்கு முன்னாடிங்களா, போனதுக்கு அப்புறமுங்களா?”

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். “இருவது வருசமா ரோடு போடறனுங்க. இதை ஆரும் கேட்டதில்லீங்க.”

ரோலருக்கு முன்னால் ஒன்றேகால் அங்குலம், ஏறி இறங்கினால் ஒன்று என்றார். எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று வீடு வரும்வரை குழம்பினேன். வந்து சின்னவனைத் துணியில் இறுக்கிச் சுற்றித் தொட்டிலில் போடும்போதுதான் தெளிந்தது. இறுக்கினால் குழந்தை சின்னதாகத் தெரியும், எடை மாறாது. ஆகவே இறுகிய தாரின் எடையை எடுத்துக்கொண்டு, இறுகிய ஒரு அங்குலத்துக்கே கணக்குப் போடலாம்.

பால் புட்டியும் தார்க்கட்டியும்

இறுகிய தார் ஒரு கன அடி எத்தனை கிலோ? மேஸ்திரியைக் கேட்டால், அது லாரிக்குத்தான் தெரியும் என்றார். நான் போகாமல் நின்றதைப் பார்த்து, முந்தின நாள் போட்ட ரோட்டின் ஓரத்திலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்துக் கொடுத்தார். சின்னவனின் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன்.

மளிகைக் கடைக்காரர் தராசுத் தட்டில் செய்தித்தாளை விரித்துவிட்டுத்தான் அதை வைக்க விட்டார். ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். இதை எத்தனை விசில் விடுவீர்கள் என்று கேட்டார். கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எடை கிடைத்தது. பருமன்? மாமியார் கொடுத்த பித்தளைப் போசியைத் தாம்பாளத்தில் வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். கட்டியை மெதுவாக உள்ளே விட்டேன். வழிந்து தாம்பாளத்தில் விழுந்த தண்ணீரை அளந்தால் அதுதான் கட்டியின் பருமன். ஆனால் எங்கள் வீட்டில் மில்லி கோடு போட்ட பாத்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சின்னவனின் பால் புட்டி.

சரியாக இரண்டு புட்டி. ஐந்நூறு மில்லி.

ஒரு கன அடி அறுபத்தைந்து கிலோ என்று வந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை செய்தேன். அதேதான் வந்தது. பிறகு புட்டியைக் கொதிக்க வைத்தேன். புட்டியில் பட்டது தண்ணீர்தான், தார் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நாற்பது நிமிடம் கொதிக்க வைத்தேன். போசியின் உள்ளே விழுந்த கறுப்புத் தழும்பு மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. மாமியார் வரும் நாட்களில் அந்தப் போசியில் அரிசி கொட்டி வைத்துவிடுவேன்.

இனிப் பெருக்க வேண்டியதுதான். அகலம் பன்னிரண்டு அடி. கனம் ஒரு அங்குலம், அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒன்றுக்கு ஒன்று அடிபட்டு, தெருவின் நீளமே கன அடியாக வந்து நின்றது. நானூற்றிருபது கன அடி. இவ்வளவு சுலபமாக வரும் விடை சரியாக இருக்காதே என்று கால்குலேட்டரில் போட்டேன், கையால் போட்டேன், கடைசியில் பவித்ராவின் சிலேட்டில்கூடப் போட்டேன். மாறவில்லை. இருபத்தேழு டன்னுக்கு மேல் கொஞ்சம். லாரிக்குப் பத்து டன் வீதம் மூன்று லாரி.

அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

கொடுக்கவில்லை. உற்றுப் பார்த்தேன். இருபத்தேழு டன்னில் ஏறக்குறைய எட்டு டன் எங்கள் ஒரு வீட்டுக்காகப் போகிறது. மூன்றில் ஒரு லாரி. கணக்குப் போட்டவள் தன் வாசலுக்குத் தனி லாரி எழுதிக்கொண்டாள் என்று நாலு பேர் பேசினால்? யாரும் பேசக்கூடியவர்கள் இல்லை. அதனாலேயே அதிகமாகப் பயந்தேன். புதுத் தாள் எடுத்து, காதர் பாய் காம்பவுண்டு முடியும் இடத்தோடு தெருவை நிறுத்தி, முந்நூறு அடிக்கு இருபது டன், இரண்டு லாரி என்று எழுதினேன்.

மூன்றாவது முறை

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், காபி கொடுக்கும்போது இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் மூன்றாவது முறை கேட்பார். அப்போது வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் முறையே கை நீட்டுபவரைப் பற்றியும், மூன்றாவது முறை கேட்காத வீட்டைப் பற்றியும் ஊர் ஒரே மாதிரிதான் பேசும். காபிக்கு மட்டுமல்ல, கல்யாணச் சீர் முதல் பஸ்ஸில் ஜன்னல் சீட் வரை இதுதான் முறை.

ஆகவே என் தாள் ஒரு விதத்தில் முதல் ‘வேண்டாம்’தான். தலைவர் சம்மதிக்கமாட்டார், அதட்டிச் சேர்க்கச் சொல்வார் என்ற தைரியத்தில்தான் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

“உங்க ஊட்டு வரைக்கும் எழுதலீங்களே அம்மணி.”

“எங்களுக்கு எதுக்குங்க? ஜல்லி போட்டிருக்குதில்லீங்க, அதுவே போதுமுங்க.”

“நெசமாவா சொல்றீங்க?”

இது இரண்டாவது. “நெசமாத்தானுங்க. ரெண்டு லாரி போதுமுங்க.”

மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ‘20 டன்’ என்பதன் கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

“இந்த மனசு ஆருக்குங்க வரும்” என்றார். கண் கலங்கியிருந்ததோ என்னவோ.

உள்ளிருந்து அவர் மனைவி சரசக்கா காபியோடு வந்தார். வேண்டாமுங்க என்றேன். மறுபடியும் வேண்டாமுங்க என்றேன். மூன்றாவது முறை கேட்டார், வாங்கிக்கொண்டேன். காபிக்கு மட்டும் மூன்று கேள்வியும் பிசகாமல் வந்தன.

மாலையில் என் கணவர் பம்ப் கம்பெனியிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

“போய்ச் சொல்லிரு.”

“என்னன்னுங்க சொல்றது?”

“எங்களுக்கும் வேணும்னு.”

“அப்படியேவா?”

அவர் ஹாஸ்டலில் வளர்ந்தவர். தட்டை நீட்டினால்தான் சோறு விழும் இடத்தில் இருந்தவருக்கு இதெல்லாம் புரியாது.

மறுநாள் போனேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு, சரசக்கா கொடுத்த முருங்கைக்காயோடு திரும்பினேன். அதற்கு மறுநாளும் போனேன். மாங்காயோடு திரும்பினேன். பவித்ராவின் வேன், சின்னவனின் சளி, அந்தச் சேறு எல்லாம் வாய்வரை வந்தன. கொடுத்த பிறகு கேட்டு வாங்குவதா என்று உள்ளேயே போய்விட்டன.

கடைசியில் தலைவரை விட்டுவிட்டு மாரப்பன் மேஸ்திரியிடம் போனேன். நான் பேசியது இப்போதும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. மழை சீக்கிரம் வரும்போல என்றேன். தெருக் கடைசி கொஞ்சம் பள்ளம் என்றேன். பள்ளிக்கூட வேன்களின் டயர் பற்றி ஏதோ சொன்னேன். மூன்று என்பது நல்ல எண் என்றேன். அதற்கு உண்டானதை நாங்கள் தனியாகப் பார்த்துக்கொள்கிறோம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன்.

மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“சரிங்க டீச்சரம்மா” என்றார்.

ஐந்து லாரி

சனிக்கிழமை காலை தெரு முழுக்கத் தார் வாசனை. காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்ட ஆட்கள், புகையும் கலவையைச் சட்டி சட்டியாக வாரிக் கொட்டி இழுத்துவிட, பின்னால் ரோலர் ஆடி ஆடி வந்தது. சூட்டுத் தாரில் பவித்ரா இறங்கிவிடக் கூடாதென்று கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பூட்டும் போட்டேன். இரண்டு குழந்தைகளோடும் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது லாரியின் கடைசிச் சட்டி, காதர் பாய் காம்பவுண்டுச் சுவர் முடியும் இடத்தில் சரியாக முடிந்தது. ஒரு முழம் முன்னே இல்லை, பின்னே இல்லை. வாழ்க்கையில் என் கணக்கு அவ்வளவு சரியாக வந்தது அந்த ஒருமுறைதான். சந்தோஷப்பட முடியவில்லை. முடிந்துபோன தாரின் கறுப்பு விளிம்பையும், அங்கிருந்து என் வாசல்வரை கிடந்த ஜல்லியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி மறந்திருந்தால்? அல்லது தலைவரிடம் சொல்லியிருந்தால்?

மூன்றாவது லாரி வளைந்து உள்ளே வந்தது.

நான் சின்னவனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன். தலைவர் வானத்தைப் பார்த்தார். காதர் பாய் தன் சுவரில் ஒரு கீறலை ஆராய்ந்தார். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தார் எங்கள் வாசலைத் தொட்டது. ரோலர் வந்து போனது. கூடவே நடந்து வந்த எல்லோரும் எங்கள் கேட்டுக்கு முன்னால் கூடி நின்றார்கள். அப்போது மெயின் ரோட்டிலிருந்து இன்னொரு லாரி திரும்பியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

“ஏனுங்க மேஸ்திரி,” என்றார் தலைவர். “இதெல்லாம் எங்கீங்க போகுது?”

“இங்கதானுங்க.”

“நாங்க ரெண்டுன்னுதானுங்களே எழுதிக் குடுத்தோம்.”

மாரப்பன் மேஸ்திரி கையை உதறிக்கொண்டார். “எழுதிக் குடுத்தது ரெண்டுங்க. அப்பறம் நீங்க வந்து, கடைசி ஊட்டுக்கு ஒரு லோடு சேத்துங்க, ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னீங்க. பாய் வந்து அதையேதான் சொன்னாருங்க. டீச்சரம்மாவும் வந்தாங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு முழுசாப் புரியலீங்க. ஆனா அதேதான்னு தெரிஞ்சுது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க.”

“சொல்ல வேண்டாமுன்னா எப்படீங்க சொல்றது?”

தலைவரின் முகம் சிவந்தது. அன்றைக்கு நான் காபி குடித்துவிட்டு வந்த பிறகு, மரியாதைக்குச் சொன்னதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டீர்களா என்று சரசக்கா அவரை மூன்று நாள் விடாமல் குடைந்திருக்கிறார். காதர் பாயோ, தன் சுவரோடு நின்றுபோன கணக்கைக் கேள்விப்பட்ட அன்றே மேஸ்திரியிடம் கிளம்பியிருக்கிறார். “மடிப்புக்கு விட்டேன் தங்கச்சி” என்றார் என்னைப் பார்க்காமல். நானும் அவரைப் பார்க்கவில்லை. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நிற்பவளுக்கு ஓடி ஒளியவும் வழியில்லை.

அதற்குள் இரண்டு லாரித் தாரும் புகைந்துகொண்டிருந்தது. தலைவர் வீட்டு முன்னால் இன்னொரு அடுக்குப் போடட்டுமா என்றார் மேஸ்திரி.

“எங்களுக்கு எதுக்குங்க. அம்மணி ஊட்டு முன்னாலயே போடுங்க, பள்ளம் அங்கதான்.”

பாய்க்கு?

“எனக்கு வேணாமுங்க. அங்கயே போடுங்க.”

டீச்சரம்மாவுக்கு?

“வேண்டாமுங்க, போதுமுங்க” என்றேன், பழக்க தோஷத்தில்.

மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தாரு ஆறிப்போகுமுங்க. இன்னொருக்கா கேக்கறதுக்கு நேரமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டு லாரியையும் கடைசி நூற்றிருபது அடியிலேயே கொட்டச் சொன்னார்.

இரண்டு விரல்

அந்த மூன்று லாரிக்கும் யார் எவ்வளவு கொடுத்தோம் என்று இங்கே எழுதப்போவதில்லை. கொடுப்பதற்கு நடந்த சண்டைதான் பெரிது.

சாயங்காலம் என் கணவர் வந்தார். புதுத் தாரில் மொபெட் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. முகமெல்லாம் சிரிப்பு. நான் பூட்டைத் திறந்தேன். தாழ்ப்பாளை இழுத்தேன். கேட்டைத் தள்ளினேன்.

அசையவில்லை.

உள்ளே தண்ணீர்த் தொட்டி மூடி இருந்ததால் எங்கள் கேட் வெளிப்பக்கம்தான் திறக்கும். கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தார்கள். இப்போது வெளியே மூன்று அடுக்கு, மூன்று அங்குலத் தார். நீளம், அகலம், கனம், எடை, ரோலருக்கு முன், ரோலருக்குப் பின் என்று எல்லாவற்றையும் அளந்தவள், அந்த இரண்டு விரலை அளக்கவில்லை. கழற்றி எடுக்கலாமென்றால், களவு போகாமலிருக்க மேலே பற்றவைத்திருந்தோம். நான் உள்ளே, அவர் வெளியே. சற்று நேரம் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் சாப்பாட்டுத் தூக்கை முதலில் கொடுத்துவிட்டு, பேண்டை மடித்துவிட்டு, ஏறிக் குதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. இத்தனை காலமும் எங்களிடம் வந்த தண்ணீர், எங்கள் வாசல் மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தலைவர் வீட்டு முன்னால் போய் நின்றது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபடி, பரவாயில்லீங்க என்று அங்கிருந்தே கையசைத்தார்.

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. டிரைவர் சொன்ன சொல் தவறவில்லை. தார் எங்கே முடிந்ததோ அங்கே, சரியாக எங்கள் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். நான் பவித்ராவைத் தூக்கிக் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். அவர் இறங்கி வந்து வாங்கிக்கொண்டார். பிறகு பை. பிறகு தண்ணீர் பாட்டில். ஒரு துளிச் சேறில்லாத ஷூவோடு என் மகள் பள்ளிக்கூடம் போனாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஏற்றிவிடுவார்கள் என்று அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

புதன்கிழமை காலை, கேட்டின் அடிப்பகுதியை அறுத்து உயர்த்த ஒரு வெல்டர் வந்தார். நாங்கள் யாரையும் வரச் சொல்லவில்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன்.

“சொல்ல வேண்டாமுன்னாங்க” என்றார்.

அவர் சாமான்களை இறக்குவதற்குள் இன்னொரு வெல்டர் சைக்கிளில் வந்து நின்றார். அவரிடமும் கேட்டேன். அவரையும் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

எதிர்ச்சாரியில் தலைவர் வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. காதர் பாய் வீட்டுத் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

இரண்டு பேரில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் யார் மனம் வருத்தப்படுமோ என்று யோசித்தேன். கேட்டுக்கு இரண்டு பக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் அறுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து கேட்டுக்கு மேலாக நீட்டினேன்.

“வேண்டாமுங்க” என்றார்கள் இருவரும்.

குடிங்க என்றேன்.

“இப்பத்தான் குடிச்சமுங்க.”

மூன்றாவது முறையும் கேட்டேன்.